புழுக்களுக்கு வைத்த விளக்கு

பினாங்கில் வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் இருட்டுகிறது. தையிலும் சரி, ஆனியிலும் சரி, துறைமுகத்துக் கூலிகள் வேலைவிட்டுக் கைகால் கழுவும்போது வானம் ஒரே நிறத்தில் இருக்கும். அங்கே வளர்ந்தவனுக்கு இதில் கவனிக்க ஒன்றும் இல்லை. பகல் என்பது நீளும், குறையும் என்று தெரிந்துகொள்ள நான் கப்பலில் கரியள்ளிக்கொண்டு வடக்கே போகவேண்டியிருந்தது. கெலுகோரில் நான் இலை போட்டு வளர்த்த பட்டுப்புழுக்களுக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கும் அளவுக்குப் படித்தேன். அதற்குமேல் சொல்லித்தர வாத்தியாரும் இல்லை, உட்கார்ந்து கேட்க எனக்குப் பொறுமையும் இல்லை. பால்மரம் வெட்டப் பிடிக்காமல் படகேறிப் பினாங்குத் தீவுக்கு வந்துவிட்டேன். மூட்டை தூக்கினேன், மாட்டுவண்டியில் கல் ஏற்றினேன், வண்ணார் துறையில் துணி அவித்தேன். காய்ச்சல் வந்தால் வேலை போகும். வேலை போனால் படுக்க இடம் போகும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலுக்கு அருகே ஒரு கிடங்கு வாசலில் அப்படிக் காய்ச்சலோடு கிடந்தபோது, நாசி கண்டார் விற்கிற ஒருவர் எனக்குத் தினமும் கொஞ்சம் சோறும் குழம்பும் வைத்துவிட்டுப் போனார். தோளில் ஒரு கழி, ஒரு பக்கம் சோற்றுக்கூடை, மறுபக்கம் குழம்புச் சட்டிகள், இதுதான் அவர் கடை. ராமநாதபுரத்துப் பக்கத்து முஸ்லிம். வீடு கெலுகோரில்.

காய்ச்சல் விட்டதும் அவர் கேட்டார். "தம்பி, எங்க பக்கத்து வீட்டுல புழு மேய்க்க ஆள் வேணுமாம். வர்றியா?"

"புழுவா? மாடு மேய்ச்சிருக்கேன்."

"மாடு ஒதைக்கும். இது ஒதைக்காதுலா. வா."

அப்படித்தான் போனேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே சின்னப் பலகை வீடு. அதில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா தனியாக இருந்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் கணவர் நில அளவை ஆபீசில் வரைபடம் வரைந்தவர். வீட்டுக்குப் பின்னால் வரிசையாக முசுக்கட்டைச் செடி நட்டு, ஒரு நீளமான கொட்டகை கட்டி, பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கிய கையோடு காய்ச்சலில் இறந்துபோனார். சீனாவின் வடக்கிலிருந்து வரும் கப்பலில் சமையல் செய்த ஒரு சீனர் அவருக்குச் சிநேகிதர். காகிதத்தில் கடுகு ஒட்டியதுபோலப் புழுமுட்டை ஒட்டியிருக்கும். கப்பல் வரும்போதெல்லாம் அந்தச் சமையல்காரர் ஒரு காகிதம் கொண்டுவருவார். கணவர் போன பிறகும் அவர் கொண்டுவருவதை நிறுத்தவில்லை.

அக்காவின் தமையனார் தைப்பிங்கில் ரயில்வே குமாஸ்தா. தங்கையைத் தனியே விட அவருக்கு மனமில்லை. யாழ்ப்பாணத்துக்கே அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் அவர் வந்திருந்தார். குடையை மடக்காமல் முற்றத்தில் நின்றுகொண்டே பேசினார்.

"பிள்ளை, சைவக்காரர் செய்யிற வேலையே இது? புழுவை அவிச்சு நூல் எடுக்கிறது?"

"நீங்கள் கோயிலுக்குக் கட்டுற பட்டு மரத்தில காய்க்குதோ, அண்ணை?"

அவர் கையை நீட்டிச் செடிகளைக் காட்டினார். "சரி. சித்திரை லீவுக்கு வாறன். அதுக்குள்ள இது உனக்குச் சோறு போடும் எண்டு காட்டினா நீ இரு. இல்லாட்டி பெட்டியைக் கட்டு."

அவர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னது இதுதான்: "ஊருக்குப் போனா எனக்கு அங்க ஆரோ ஒராளின்ர அடுப்படியில ஒரு மூலை, தம்பி. இது என்ர காணி."

கொட்டகைக்கு அத்தாப்பு ஓலைக் கூரை. நடுவில் ஒரு பலகைச் சுவர் வைத்து முன்னறை, பின்னறை என்று பிரித்திருந்தது. இரண்டிலும் அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். முட்டைக் காகிதத்தைச் சரிபாதியாகக் கத்தரித்து அறைக்கொரு பாதியாக இரண்டிலும் பொரிக்கவைத்தோம். இலை பறிப்பது, துடைப்பது, நறுக்குவது, போடுவது, எச்சம் அள்ளுவது எல்லாம் என் வேலை. புழு மேய்ப்பதில் ஓய்வே இல்லை. மாடாவது படுத்து அசைபோடும்.

சீனச் சமையல்காரர் சில கட்டளைகள் சொல்லிவைத்திருந்தார். மண்ணெண்ணெய் வாடை ஆகாது. மீன் வாடை ஆகாது. சத்தம் ஆகாது. கொட்டகை இருட்டாக இருக்கவேண்டும். மற்றதையெல்லாம் நான் கேட்டேன். கடைசியை மட்டும் என்னால் கேட்க முடியவில்லை.

நான் முன்னறையில்தான் படுப்பேன். விளக்கு வைக்கிற நேரம் வந்தால் மனிதன் இருக்கிற இடத்தில் ஒரு திரியாவது எரியவேண்டும். தோட்டத்து லயத்தில் ஒருவேளைச் சோற்றுக்கு வழியில்லாத வீட்டில்கூட அந்த நேரத்தில் விளக்கு எரியும். மண்ணெண்ணெய் கூடாது என்பதால் அகலில் தேங்காயெண்ணெய் ஊற்றி, ஒரு கண்ணாடிச் சாடிக்குள் இறக்கி, உத்தரத்தில் தொங்கவிட்டேன். அக்கா பார்த்தார்.

"தம்பி, இருட்டு வேணும் எண்டெல்லே அந்த மனிசன் சொன்னது."

"விளக்கு வைக்கிற நேரத்துல ஆள் இருக்கிற எடம் இருட்டாக் கெடக்கலாமாக்கா?"

பகல் முழுக்க என்னை எதிர்த்துப் பேசக்கூடியவர், எண்ணெய்ப் போத்தலை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்த நேரத்தில் தன் வீட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு வந்து நின்றவர்தானே அவரும். பின்னறைக்கு நான் விளக்கு வைக்கவில்லை. ஒரு கூரைக்கு ஒரு விளக்கு போதும் என்பது எங்கள் வழக்கம். விளக்கு இருந்ததால் படிக்கவும் பழகினேன். கடைகளில் சாமான் மடித்துக் கொடுக்கும் தமிழ்ப் பத்திரிகைத் துண்டுகளைச் சேர்த்து வைத்து, கண் சொருகும்வரை எழுத்துக்கூட்டுவேன். பாதிச் செய்தியோடு கிழிந்திருக்கும். மீதியை நானே யோசித்துக்கொள்வேன்.

நாசி கண்டார் விற்கிற பக்கத்து வீட்டு அண்ணன் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்ப்பார். "என்ன தம்பி, பூச்சிக்கு விளக்குப் பூசையா?"

"நீங்க மீன் பொரிக்கிறதக் கொஞ்சம் அந்தாண்ட வச்சுக்குங்கண்ணே. வாடை ஆகாதாம்."

"யாழ்ப்பாணத்து வீட்டுப் புழுல்ல. சைவமாத்தான் இருக்கும்லா."

மாசியில் வெயில் பிடித்தது. மழை அடியோடு நின்றுபோய், கடற்காற்றும் விழுந்துவிட்டது. தென்னையில் காக்கைகள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. கிணற்றுக் கயிற்றைத் தொட்டால் சுட்டது. புழுக்கள் அப்போது சுண்டுவிரல் பருமனுக்கு வளர்ந்து, கூடு கட்டக் கொஞ்சநாள்தான் இருந்தது. ஒருநாள் காலையில் பின்னறைக் கதவைத் திறந்தேன். இலை போட்டது போட்டபடி இருந்தது. புழுக்கள் தலையைத் தூக்கியபடி அசையாமல் நின்றன. மாலைக்குள் துவண்டன. மறுநாள் கறுத்து, தொட்டால் நீராக ஒழுகின. அந்த நாற்றம் மூக்கை விட்டுப் போகப் பலநாள் ஆயிற்று. அள்ளிக்கொண்டுபோய்த் தென்னை அடியில் புதைத்தேன்.

முன்னறைக்குப் போகவே எனக்குத் தயக்கமாக இருந்தது. போனால், அங்கேயும் புழுக்கள் உச்சிவெயிலில் அசையாமல் கிடந்தன. ஆனால் பொழுது சாய்ந்ததும் ஒவ்வொன்றாகத் தலையை ஆட்டி இலையைக் கடிக்கத் தொடங்கின. இரண்டொரு தட்டில் சில செத்தன. மற்றவை கூடு கட்டின. அதே கப்பலில் வந்த அதே காகிதம், அதே இலை, அதே வெயில்.

அக்கா அழுதார் என்று சொல்லமாட்டேன். பின்னறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். கழுவி முடித்துவிட்டு ஈரக் கையோடு என்னிடம் வந்தார்.

"முன்னுக்குக் கிடக்கிறதுகளுக்கு நீர் என்ன செய்தனீர்?"

"ஒண்ணும் செய்யலக்கா. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான்."

"ஒரே மாதிரி எண்டா ஒரே மாதிரியெல்லே நடந்திருக்க வேணும்."

இரண்டு பேரும் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். கூரையின் உள்பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தோம். முன்னறைதான் அதிகம் சுட்டது. பின்னறைமேல் பலாமர நிழல் விழும். அப்படியானால் பின்னறையல்லவா பிழைத்திருக்க வேண்டும்? ஓலையில் ஓட்டை, எறும்பு, பல்லி, காற்று வருகிற சந்து, எதைப் பார்த்தாலும் பின்னறைதான் ஒரு படி மேல். கடைசியில் முன்னறையில் உள்ளவை, பின்னறையில் இல்லாதவை இரண்டே இரண்டு என்று முடிவாயிற்று. ஒன்று விளக்கு. இன்னொன்று நான்.

"உம்மட குறட்டையோ தெரியேல்ல" என்றார் அக்கா.

அவர் சிரிக்காமல்தான் சொன்னார். நானும் அதை யோசித்தேன். சத்தம் ஆகாது என்று சமையல்காரர் சொன்னது என் குறட்டையைக் கேட்காமல் சொன்னதாக இருக்கலாம்.

பிழைத்த கூடுகளை வெந்நீரில் போட்டு நூல் இழுத்தோம். பட்டணத்தில் செருப்புக்கும் தலையணைக்கும் பட்டில் பூவேலை செய்கிற, உள்ளூரிலேயே பிறந்த சீன வம்சத்து நோன்யா அம்மாள் ஒருவர் அதை விரலில் சுற்றிப் பார்த்துவிட்டு, எவ்வளவு கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆகவே விற்பது கஷ்டமில்லை. வெயிலில் சாகாமல் இருப்பதுதான் கஷ்டம். சித்திரைக்கு முன்னால் இன்னொரு காகிதம் வரும். தமையனார் வரும்போது புழு உயிரோடு இருக்கவேண்டும்.

காகிதம் வந்தது. இந்த முறை இரண்டு அறையிலும் விளக்கு வைத்துவிடலாம் என்று அக்கா சொன்னார். அதுதான் நியாயம். எனக்கு மட்டும் ஒரு அரிப்பு இருந்தது. சொல்லிப் பார்த்தேன்.

"ரெண்டுலயும் விளக்கு வச்சு ரெண்டும் பொழச்சா, விளக்குதான் காரணம்னு எப்படிக்கா தெரியும்? வெயில் கொறஞ்சதாக்கூட இருக்கலாம்ல."

"பிழைச்சாப் போதும். எனக்கு அறிஞ்சு என்ன ஆகவேணும்?"

அதோடு விட்டுவிட்டேன். இழப்பு என்னுடையது அல்ல. எனக்கு இந்த வேலை போனால் இன்னொரு வேலை. அவருக்கு அப்படி இல்லை.

மறுநாள் காலை நான் இலை நறுக்கிக்கொண்டிருந்தபோது அவராகவே வந்து நின்றார். "தம்பி, முன்னுக்கு விளக்கு இருக்கட்டும். பின்னுக்கு ஒரு அடுக்கு மட்டும் இருட்டில வையும். நீர் அங்க போய்ப் படும்."

"ஏங்க்கா?"

"விளக்குத்தான் எண்டு நம்பி வருசா வருசம் எண்ணெயை ஊத்திக்கொண்டிருக்க, அது விளக்கு இல்லையெண்டா? ஒரு பெரிய வெயிலுக்கு எல்லாம் போயிடும். அறியாமல் இஞ்ச இருக்கேலாது."

அப்படியே செய்தோம். முன்னறையில் விளக்கு, படுக்க ஆள் இல்லை. பின்னறையில் ஆள், விளக்கு இல்லை. விளக்கில்லாத இடத்தில் படுக்க எனக்கு ஒருமாதிரி இருந்தது. பத்திரிகைத் துண்டுகளை முன்னறையில் இருந்து படித்துவிட்டுத் தடவித் தடவிப் பின்னறைக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு இது பெரிய வேடிக்கை. "கேட்டியா, நம்ம தம்பியக் குறட்டை விடச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க" என்று சோறு வாங்க வந்தவர்களிடம் சொல்வார். அவர்களும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். சத்தம் ஆகாது என்று நான் அவர்களை விரட்டுவேன்.

பங்குனி வெயில் மாசியைவிட மோசம். சித்திரை பிறந்து தமையனார் வரவேண்டிய நாள் நெருங்கியபோது பின்னறை அடுக்கில் பழைய கதை தொடங்கியிருந்தது. தலை தூக்கி நின்றன, துவண்டன, கறுத்தன. நான் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விட்டும் பயனில்லை. காலையில் அள்ளிப் போடலாம் என்று இருந்தேன். அதற்குள் தமையனார் முதல் படகுக்கே வந்துவிட்டார். சாலையிலிருந்து வரும் ஒற்றையடிப் பாதை கொட்டகையின் பின்பக்கம்தான் வந்து சேரும். நான் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் அவர் பின்கதவைத் திறந்து உள்ளே நின்றார்.

கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தமாகவே சொன்னார். "முடிஞ்சுது, பிள்ளை. பெட்டியைக் கட்டு."

அக்கா கையில் இலைக்கூடையோடு நின்றார். "அண்ணை, முன்பக்கம் வாங்கோ."

"இதைப் பாத்தது போதாதோ?"

"வாங்கோ எண்டுறன்."

முன்னறையில் அப்போதுதான் இலை போட்டிருந்தேன். முற்றிய புழு இலை தின்னும் சத்தம் ஓலைக்கூரைமேல் தூறல் விழுவதுபோல இருக்கும். தமையனார் வாசலில் நின்று மேலே கூரையைப் பார்த்தார். பிறகு வெளியே வானத்தைப் பார்த்தார். அப்புறம்தான் குனிந்து தட்டைப் பார்த்தார். புழுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் தின்றுகொண்டிருந்தன. மேல் தட்டில் முந்திக்கொண்ட சில, மூலையில் கூடு கட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப பின்னுக்குக் கிடக்கிறதுகளை ஏன் சாக விட்டனீ?"

"அறியத்தான்."

"என்னத்தை அறிய?"

"வெயிலைத் தாங்கினது விளக்காலயோ, இந்தத் தம்பியின்ர குறட்டையாலயோ எண்டு."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் உத்தரத்து விளக்கைக் காட்டினேன். தைப்பிங் ஆபீசில் ரயில் வரவு போக்குக் கணக்கு எழுதுகிறவர், எதையும் இரண்டு தரம் கேட்பவர். காகிதத்தைப் பாதியாகக் கத்தரித்தீர்களா, இலை ஒரே செடியா, கூரை எந்தப் பக்கம் சூடு என்று நாங்கள் கேட்டுக்கொண்ட கேள்விகளையெல்லாம் அவரும் கேட்டார். பதில்கள் தயாராக இருந்தன. பலாமர நிழலைப் பற்றிச் சொன்னபோது தானே போய்க் கூரையில் கைவைத்துப் பார்த்தார்.

"விளக்குக்கும் வெயிலுக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் கடைசியில்.

"அது தெரியேல்ல" என்றார் அக்கா.

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது மூலையில் இருந்த கூடு ஒன்றைக் கேட்டு வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். "தீபாவளிக்கு வாறன். அப்பவும் இப்பிடி இருந்தாப் பாப்பம்." பெட்டியைப் பற்றிப் பேசவில்லை.

நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வைகாசியில் சமையல்காரர் வேறு கம்பெனிக் கப்பலுக்கு மாறிவிட்டார், அது பினாங்குக்கு வராது என்று செய்தி வந்தது. இனிக் காகிதம் இல்லை. அதற்காக நாங்கள் பயப்படவில்லை. கூட்டிலிருந்து சில பூச்சிகளை வெளியே வரவிட்டு முட்டை இடவைத்திருந்தோம். முட்டை முதலில் மஞ்சளாக இருந்தது. இரண்டொரு நாளில் சாம்பல் நிறமாயிற்று. அவ்வளவுதான். பொரிக்கவில்லை. ஈரத்துணி போட்டுப் பார்த்தோம், விளக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், அக்கா மடியில் முடிந்துகூட வைத்துப் பார்த்தார். உடைத்துப் பார்த்தால் உள்ளே கெடவில்லை. நிறமும் மாறவில்லை, நாற்றமும் இல்லை. உயிரோடுதான் இருந்தன, வெளியே வர மனமில்லை என்பதுபோல.

"தூங்குதுலா" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன்.

அக்கா அந்தக் காகிதத்தை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். "தம்பி, நீர் ஒரு இடத்தில நிக்கிற ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். எப்பிடியும் போகப்போறீர். போறது வடக்குப் பக்கமாப் போம். ஒரு காகிதம் கொண்டுவாரும்."

என் கால்களைப் பற்றி அவர் சரியாகத்தான் கணித்திருந்தார். கரியள்ளும் வேலைக்கு ஒரு கப்பலில் சேர்ந்தேன். கொதிகலன் அறையைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அங்கே நின்றவனுக்கு மாசி வெயில் குளிர்காலம். உள்ளங்கைத் தோல் இரண்டு முறை உரிந்தது. மூன்றாம் முறை உரியவில்லை.

ஆனி மாதம் ஷாங்காயையும் தாண்டி வடக்கே ஜப்பான் துறைமுகம் ஒன்றில் கரி ஏற்ற நின்றோம். வேலை முடிந்து, குளித்து, ராத்திரிச் சாப்பாடும் சாப்பிட்டுவிட்டு மேல்தட்டுக்கு வந்தேன். வெயில் அடித்தது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரம் தாண்டி வெகுநேரமாகியும் கரையில் ஒரு விளக்கும் இல்லை, யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. பிள்ளைகள் தெருவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். என்னோடு கரியள்ளிய ஒரு சீனர் பக்கத்தில் உட்கார்ந்து புகைபிடித்துக்கொண்டிருந்தார். ஷாங்காய்ப் பக்கத்துக்காரர். எங்களுக்குள் பேச்சு மலாயில்தான்.

"சூரியனுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். "உங்க ஊர்ல இப்படி இல்லையா? எங்க ஊர்லயும் இவ்வளவு இல்லைன்னாலும் நீளும். பகல் நீள நீள வெயில் ஏறும். அப்புறம் குறையும். குறையக் குறையக் குளிர் வரும்."

எனக்குக் கொட்டகை உத்தரத்தில் தொங்கிய சாடி ஞாபகம் வந்தது. அந்தப் புழுக்களின் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் பகல் நீண்டால் வெயில் வரப்போகிறது என்று கண்ட ஊரில் பிறந்தவை. நான் பத்திரிகைத் துண்டு படிப்பதற்காக விளக்கை எரியவிட்டு அவற்றின் பகலை நீட்டிக்கொண்டே போயிருக்கிறேன். கோடை வருகிறது என்று அவை உடம்பைத் தயார் செய்திருக்க வேண்டும். பின்னறையில் இருந்தவற்றுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. பினாங்கின் பகல் அவற்றிடம் ஒன்றுமே சொல்லவில்லை.

சரியோ தப்போ, படித்தவன் அல்ல நான். எனக்குத் தோன்றியது இதுதான்.

சீனரிடம் முட்டைக் காகிதம் கேட்டேன். இது அதற்கான காலம் இல்லை என்றார். பொரிக்காத முட்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரித்தார். "சாம்பல் நிறமா? அது குளிருக்காகக் காத்திருக்கு. எங்க வீட்டுல காகிதத்தைக் கொண்டுபோய்ப் பனியில போடுவாங்க. குளிர் படாம அது எழுந்திருக்காது."

ஆடி பாதியில் வெறுங்கையோடு கெலுகோர் திரும்பினேன். அக்கா திட்டவில்லை. கையைப் பார்த்தார், எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார், பிறகு சொல்லச் சொன்னார். சாப்பிடாமல் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டு அண்ணனும் வந்து படியில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்ப நாங்கள் விளக்கு வைச்சு அதுகளை ஏமாத்தினனாங்கள்" என்றார் அக்கா.

"அப்படித்தான் இருக்கும்னு நெனைக்கிறேன்."

"கோடை எண்டு நம்பி வெயிலைத் தாங்கிச்சுதுகள். கோடைக்குப் பிறகு குளிர் வருமெல்லே? அதையும் நம்பித்தான் முட்டையைப் பூட்டி வைச்சிருக்குதுகள்." டின்னைக் குலுக்கிப் பார்த்தார். "ஏமாத்தத் தொடங்கினா முழுக்க ஏமாத்தத்தான் வேணும். குளிருக்கு எங்க போறது?"

பக்கத்து வீட்டு அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "பட்டணத்துல ஐஸ் விக்கிறான்லா" என்றார்.

மறுநாள் அவருடைய கழியையே இரவல் வாங்கினேன். ஒரு பக்கம் மரத்தூளும் சாக்கும் சுற்றிய ஐஸ் கட்டி, மறுபக்கம் எடை சரிக்கட்ட ஒரு கல். வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தது. நடக்க நடக்கக் கல் பக்கம் கனத்தது. வழியில் நின்று நின்று சின்னக் கல்லாக மாற்றிக்கொண்டேன். சாலையில் போகிறவர்கள், "அண்ணே, சோறு இருக்கா?" என்று கேட்டார்கள். "ஐஸ்தான் இருக்கு" என்றேன். தண்ணீர்ப் பானையை மண்ணில் புதைத்து, அதற்குள் ஐஸ், அதன்மேல் டின் என்று ஏதோ செய்தோம். அடுத்த நாளே உருகிவிட்டது. மறுபடி போனேன். இப்படி எத்தனை நாள் தாங்கும் என்று எங்களுக்கே தெரியவில்லை.

அக்கா தமையனாருக்கு நடந்ததையெல்லாம் எழுதிப் போட்டார். ஆவணியில் தைப்பிங்கிலிருந்து ரயிலில் எங்கள் பேருக்கு ஒரு சாமான் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் வண்டி வைத்து ஏற்றிவந்தோம். ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி, உள்ளே முழுக்கத் துத்தநாகத் தகடு அடித்தது. ரயிலில் மீன் அனுப்புகிற பழைய ஐஸ் பெட்டி, மூடி கொஞ்சம் வளைந்திருந்தது.

அக்கா மூடியைத் திறந்து மூக்கைச் சுளித்தார். "மீன் மணக்குது."

"சைவப் புழு கோவிச்சுக்கும்லா" என்றார் அண்ணன்.

இரண்டு நாள் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தோம். வாடை முழுக்கப் போகவில்லை. அந்தப் பெட்டியில் ஐஸ் வாரக்கணக்கில் நின்றது. தீபாவளிக்குச் சற்று முன்னால் காகிதத்தை வெளியே எடுத்து வைத்தோம். எல்லாம் பொரித்தன என்று சொல்லமுடியாது. ஒருநாள் காலை காகிதத்தின் ஒரு மூலையில் கறுப்பு மயிர்போல ஏதோ நெளிந்தது. அக்கா மூச்சுவிடாமல் குனிந்து பார்த்துவிட்டு, கோழி இறகால் அவற்றைத் தட்டுக்குத் தள்ளினார். நான் கொழுந்து இலை பறிக்க ஓடினேன்.

தமையனார் வந்தபோது ஒற்றையடிப் பாதையிலிருந்து விலகி, கொட்டகையை முழுக்கச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தட்டுகளைப் பார்த்தார். அரிசிப் பருமன்கூட இல்லாத புழுக்கள். சத்தம் இன்னும் வராது. அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"விளக்கை எப்ப கொளுத்துவியள்?" என்றார் என்னிடம்.